பிடிங்க, விடுங்க

எங்கள் தொழிற்சாலையில் எம்.எஸ். என்றால் மைல்ட் ஸ்டீல். எம்.எஸ். பிளேட், எம்.எஸ். ராடு, எம்.எஸ். ஸ்கிராப். சில வருடங்களுக்கு முன்பு கண் மங்கி, இடது கால் மரத்துப்போய், சென்னையில் ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, என்ன வியாதி என்று மேனேஜர் கேட்டார். "எம்.எஸ். சார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரும்புச் சத்து ஜாஸ்தியா?" என்றார்.

மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்று விளக்கினேன். மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற நோய். வயருக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் போய்விட்டால் கரண்ட் எப்படி ஒழுங்காகப் போகும் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார். எங்கள் தொழிற்சாலை இருக்கும் ஒரகடத்தில் எதையும் வயர், பெல்ட், போல்ட் என்று சொன்னால் போதும்.

கண்ணைப் பற்றிச் சொன்னேன், காலைப் பற்றிச் சொன்னேன். மூத்திரத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜரிடம் சொல்லாதது சரி, டாக்டரிடமும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் "வேற ஏதாவது தொந்தரவு?" என்பார். நான் ஒவ்வொரு முறையும் புன்னகைத்துவிட்டு வருவேன். திடீரென்று வரும், வந்தால் நிற்காது. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டிலிருந்து ஒரகடம் வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, எந்த ஓட்டலில் சாப்பிடாமல் போனால் முறைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பஸ் நகரவில்லை. பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது நிமிடம் முடியவில்லை. நடந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கே ஆச்சரியமான ஒரு காரியம் செய்தேன். மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மொத்தத்தையும் என் மேலேயே கவிழ்த்துக்கொண்டேன். "அய்யோ, மூடி சரியில்ல!" என்று கத்தவும் செய்தேன். பஸ்ஸே என் பக்கம் சேர்ந்துகொண்டு அந்தப் பாட்டிலைத் திட்டியது. "இப்ப வர்ற பாட்டில் எல்லாமே டூப்ளிகேட்டுதான் அக்கா" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெண் தன் துப்பட்டாவை நீட்டினாள். வாங்கிப் போர்த்திக்கொண்டு, வீடு வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று என் கணவரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா?" என்றார்.

"ஒன்றரை வருசமா."

"ஒன்றரை வருசமா எங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அடுத்த முறை சென்னைக்கு அவரும் கூட வந்தார். டாக்டர் "வேற ஏதாவது தொந்தரவு?" என்றபோது, நான் புன்னகைப்பதற்குள் என் கணவர் தொண்டையைச் செருமினார். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. இந்த நோயில் நிறைய பேருக்கு இருப்பதுதான் என்றார். சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகிறதா என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பின் அடித்தளத்தில் இருக்கும் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம், அதற்கென்றே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், வாரம் ஒரு முறை வரவேண்டும் என்றார். இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய், மூத்திரத்தை அடக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டு, மறுபடி இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வருவதை நினைத்து நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வீடியோலயே பண்ணலாம்" என்றார் டாக்டர்.

"வீடியோலயா? எதைக் காட்டணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"முகத்தைத்தாம்மா."

முதல் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. படுக்கை அருகில் ஸ்டூலைப் போட்டு, துவரம்பருப்பு டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்தோம். திரையில் வந்தது முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். என் கணவர் கையில் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு என்றால் அவருக்குக் குறிப்பெடுக்க வேண்டும்.

"நாலு பேர் நடுவுல உட்கார்ந்திருக்கீங்க மேடம். காத்து பிரியற மாதிரி இருக்கு. என்ன செய்வீங்க? அடக்குவீங்கள்ல? அந்தத் தசைதான். அதை அப்படியே உள்ளே, மேலே இழுங்க."

பேனா நின்றது. "பால் பொங்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு என் கணவர் சமையலறைக்குப் போனார். அடுப்பில் பாலே இல்லை.

நான் இழுத்தேன்.

"மேடம், முகத்தை இறுக்காதீங்க. அந்தத் தசை அங்க இல்ல."

மறுபடி இழுத்தேன்.

"மூச்சைப் பிடிக்காதீங்க. தொடை, வயிறு எதுவும் சேரக்கூடாது. பிடிங்க... ரெண்டு, மூணு... விடுங்க. விடறதும் பயிற்சிதான் மேடம், பாதியில விடாதீங்க, முழுசா விடுங்க."

பிடித்தேனா விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. வயரில் பிளாஸ்டிக் போன கதை அங்கேயும்தான். நான் சொல்வது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பதில் வருவதில்லை. அவள் பொறுமையாக, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், கையை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள், லேசாக இருமச் சொன்னாள். மூன்றாவது வாரம் ஒரு கணம், மிக மெலிதாக, ஏதோ ஒன்று மேலேறி இறங்கியது. "வந்துச்சு!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து என் கணவர் "யாரு?" என்றார்.

இதற்கிடையில் ஒரு நோட்டும் போட வேண்டியிருந்தது. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், எத்தனை மணிக்கு எவ்வளவு வெளியேறியது, எத்தனை முறை தாங்க முடியாமல் போனது. கணக்கு வாத்தியார் வீட்டில் நோட்டுக்கா பஞ்சம்? சிவப்பு மையில் கோடு போட்டு, தலைப்பில் 'நீர்வரத்து', 'வெளியேற்றம்' என்று எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் செய்தித்தாளில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைப் படித்துவிட்டு, "அங்க ஷட்டர் மூடிதான் இருக்காம். இங்க எப்படி?" என்பார். அளவு ஜாடியை அவர் மேல் எறிந்திருக்கிறேன். காலி ஜாடிதான்.

எங்கள் வீட்டில் நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு நாள் அவள் "பிடிங்க" என்றாள், படம் அப்படியே உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி நின்றாள். நான் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். தப்பாகிவிடுமோ என்று பயந்து விடாமலே இருந்தேன். நெற்றியெல்லாம் வியர்த்தபோது, "விடுங்க விடுங்க விடுங்க மேடம் விடுங்க" என்று மொத்தமும் சேர்ந்து வந்து விழுந்தது.

கீழ் வீட்டிலிருக்கும் ஓனரம்மா மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "இன்னா, ஞாயித்துக்கெழமையானா பிடி பிடின்னு சத்தமா கீது? வூட்ல எலி பூந்துகிச்சா?"

"பாட்டு க்ளாஸ்ம்மா."

"பாட்டா? ஒரு பாட்டும் கேக்கலியே. ஒருத்தி எண்ணிக்கினே கீறா, அவ்ளோதான்."

"இப்பதான் தாளம் நடக்குது" என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன்.

மே மாதம் வந்தது. இந்த நோய்க்கும் வெயிலுக்கும் ஆகாது. கைத்தடியை ஊன்றி ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்து வருவதற்குள் கால் கல்லாகிவிடும், கண் மங்கும். வீட்டுக்கு வந்தால் துணிகூட மாற்றாமல் விழுந்து கிடப்பேன். பயிற்சி நின்றுபோனது. ஆனால் நோட்டு நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கும் சேர்த்து நானே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். எங்கள் கம்பெனியில் நான் பார்ப்பது ஆவணப் பிரிவு. பதிவேடு எப்படி அழகாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஞாயிறு அவள் நோட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மேடம், இந்த வாரம் முழுக்க ஒவ்வொரு தடவையும் இருநூத்தம்பது மில்லி போயிருக்கு. உங்க ஜாடியில வேற கோடு இல்லையா?"

சமையலறையில் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அவரும் பார்த்திருக்கிறார், சொல்லாமல் இருந்திருக்கிறார்.

நான் அழுதுவிட்டேன். நானே எதிர்பாராத அழுகை. முடியல, படுத்தா எழுந்திருக்க முடியல, இந்தக் கால், இந்தக் கண், இதோட இதையும் வேற தூக்கிக்கிட்டு எத்தனை நாள் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. இந்த முறையும் நெட்வொர்க் போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா," என்றாள். முதல்முறையாக அக்கா என்றாள். "முடியலன்னு எழுதுங்க. அந்தக் கட்டத்துல அதை எழுதலாம். எனக்கு அதுதான் வேணும். நான் கொடுத்த பயிற்சி இந்த வெயிலுக்கு ஜாஸ்தின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு பாதியாகக் குறைத்தாள். காலையில் குளித்ததும், உடம்பு சூடாவதற்கு முன், ஃபேனுக்கு அடியில் கழுத்தில் ஈரத்துண்டோடு ஐந்து முறை. மூன்று எண்ணும் வரை பிடித்தால் போதும். அன்றிலிருந்து என் கணவர் சமையலறைக்குப் போவதை நிறுத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். நோட்டில் நிறைய இடங்களில் 'முடியல' என்று எழுதினேன். ஓரிடத்தில் 'முடிந்தது, ஆனால் எரிச்சல்' என்று இருக்கிறது.

மூன்று மாதம் என்று ஆரம்பித்தது ஐந்து மாதம் ஆயிற்று. நோய் போய்விடவில்லை, அது போகாது. பையில் இன்றும் ஈரம் உறிஞ்சும் பேட் ஒன்று இருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் வந்தால் வந்ததுதான். இப்போது வந்தபிறகு, எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துபோகிற அளவுக்கு அவகாசம் கிடைக்கிறது. காலையில் தண்ணீர் குடிக்கிறேன்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் கஸ்டமர் ஆடிட், எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள் வந்து செய்யும் சோதனை. கான்ஃபரன்ஸ் ஹாலில் வெளியிலிருந்து வந்த மூன்று ஆடிட்டர்கள், மேனேஜர், தரப்பிரிவுத் தலைவர், ஃபைல்களோடு நான். அவர்கள் எல்லோருமே ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் ஆனபோது எனக்கு வந்தது. பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். அவசரம் கொஞ்சம் தணிந்தது. அந்த இடைவெளியில் தலைமை ஆடிட்டர் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் முடியும் வரை காத்திருந்து, எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"சார், நான் டாய்லெட் போகணும். அஞ்சு நிமிஷம்."

மேனேஜர் மேசையைப் பார்த்தார். தலைமை ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லவேளைம்மா," என்றார். "பத்து மணியிலிருந்து யாராவது சொல்லமாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஐந்து நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. கைத்தடியோடு நான் கதவை அடைவதற்குள் மேனேஜர் என்னைத் தாண்டி ஓடிவிட்டார். ஆண்கள் பக்கம் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. நான் போய்விட்டு, கை கழுவிவிட்டு, முகமும் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது ஹாலில் யாரும் இல்லை. வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. ஆடிட்டர்களுக்காக மேசையில் வைத்திருந்த சமோசாக்களில் ஒன்றை எடுத்து, அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.