முதலாவதாக வைத்த கல்லூரி

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டிய வாரத்தில் என்னால் ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. புறநகரில், எங்கள் முடிச்சூர் வீட்டில் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். “காலுல சக்கரம் கட்டியிருக்கியா? ஒரு எடத்துல உக்காரேன்டி,” என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சிவில் படித்து, அதற்குமேல் நீரியலில் மேற்படிப்பு. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்தபோது மொட்டை மாடியில் நின்று பார்த்தவள் நான். ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் ஹாலுக்கு ஏன் வந்தது என்று இதுவரை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதற்கேற்ற கல்லூரி நகருக்குள் இருந்தது. சுவரெல்லாம் பெயின்ட் உரிந்த பழைய கல்லூரி. ஆனால் ஆசிரியர்கள் ஆராய்ச்சி செய்தார்கள்; இளநிலை மாணவர்களையும் ஆய்வகத்துக்குள் விட்டார்கள். நாளைக்கு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் என் வேலையைப் பார்த்த ஒருவராவது பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டாமா?

அப்பாவுக்குப் பிடித்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் கல்லூரி, அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ். வேலை கிடைத்த மாணவர்கள் வாசல் ஃப்ளெக்ஸிலேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் போனபோது சுற்றிக்காட்டியவரிடம், “இங்கேர்ந்து மேற்படிப்புக்கு யாராவது போயிருக்காங்களா சார்?” என்று கேட்டேன். “அதுக்கு அவசியமே வராதும்மா. ஃபைனல் இயர்லயே ஆஃபர் வந்துடும்,” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் வாசலைப் பார்த்து நடந்தேன்.

வீட்டில் சண்டை, எதை முதலில் போடுவது என்பதில்தான்.

“உறுதியா கிடைக்கறத முதல்ல போடு. ரெண்டாவதா போட்டா, இவளுக்கு இஷ்டமில்லன்னு நினைச்சு வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாத.”

“அங்க யாரும் உக்காந்து நினைக்கறதில்லப்பா. கம்ப்யூட்டர் நம்ம பட்டியல மேலேர்ந்து பாத்துக்கிட்டே வரும். எது முதல்ல கிடைக்குதோ, அதோட நின்னுடும்.”

அப்பாவைக் கேட்டால், எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லாரும் அப்படித்தான் போட்டார்களாம். கத்தினேன், சாப்பிடாமல் இருந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. பட்டியலைப் பூட்டும் ஓடிபி அவர் ஃபோனுக்குத்தான் வரும். என் கல்லூரி இரண்டாவதாகப் போயிற்று.

ஒதுக்கீடு வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ். அம்மா கேசரி கிளறப் போனாள். அப்பா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சீட்டு கைக்கு வந்தாச்சு. இனி பயமில்ல. இந்த சீட்ட வெச்சுக்கிட்டே வேற காலேஜுக்குக் காத்திருக்க அப்வேர்டுன்னு ஒண்ணு சொல்வாங்களே, அத குடு. உன் காலேஜ் கிடைச்சா அங்கயே போ. நான் வேணாம்னு சொல்லலியே?”

அவரை வெறித்துப் பார்த்தேன். என்னைத் தடுக்க அல்ல, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்பத்தான் இவ்வளவும் செய்திருக்கிறார்.

“பட்டியல்ல மேல இருக்கற காலேஜுக்கு மாறத்தாம்ப்பா அப்வேர்டு. நமக்கு மேல ஒண்ணுமே இல்ல. அது கீழ இருக்கு.”

“கீழ இருந்தா என்ன? நாமளே கேக்கறோமே!”

அவர் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டார். கீழே இருக்கும் கல்லூரிக்கு இனி மாற முடியாது என்று எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். அப்பா எழுந்து நின்றுகொண்டார். “இல்ல மேடம், அவ அதுக்குத்தான் ஆசைப்பட்டா. நான்தான் மாத்தி வெச்சேன்,” என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். எனக்கிருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அந்த ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கி இணைப்பைத் துண்டித்தேன்.