என் கையெழுத்தில் ஒரு சாட்சி

ஞாயிறு காலை பதினொன்று இருபதுக்கு என் கணவர் மைக்கைக் கையில் வாங்கினார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

லிங்கராஜபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் சபை கூடுகிறது. ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவர் முந்தின ஞாயிறு எல்லோர் முன்னும் நின்று சாட்சி சொல்ல வேண்டும். எப்படி இருந்தேன், எப்படி இரட்சிக்கப்பட்டேன் என்று. அதை முன்பே எழுதி பாஸ்டரிடம் காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் சிலர் மதியம்வரை மைக்கை விட மாட்டார்கள். பாவம் எவ்வளவு பெரிதோ அல்லேலூயாவும் அவ்வளவு பெரிது. ஒரு தப்பும் செய்யாத பெண்கள் சாட்சி சொன்னால் பின்வரிசைக்காரர்கள் செருப்புத் தேடப் போய்விடுவார்கள்.

என் கணவர் பதினேழு வருடம் குடித்தவர். நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுத வராது. அதனால் அவருடைய சாட்சியை நான் எழுதினேன்.

மகளுக்கு எட்டு வயதானபோது, சோற்றுத் தட்டைக் கீழே போட்டாள் என்று அவளுடைய உள்ளங்கையைத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தினார். குழந்தை தானாகத் தொட்டுவிட்டாள் என்று நான் டாக்டரிடம் சொன்னேன். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. அயர்ன் பாக்ஸ் சுட்டது என்றுதான் ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அதை எழுதினேன். எழுதினால்தான் அடுத்த வரிக்கு அவர் வந்து சேர முடியும் என்று கணக்குப் போட்டேன். அடுத்த வரி, “மகளே, என்னை மன்னித்துவிடு.” பதினான்கு வருடங்களில் வீட்டில் ஒரு முறைகூட அவர் சொல்லாதது. சபைக்கு முன்னால் படித்துத்தானே ஆக வேண்டும்.

பாஸ்டர் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

“கர்த்தர்கிட்ட மன்னிப்பு வாங்கியாச்சு சிஸ்டர். மறுபடி மனுஷங்ககிட்ட கேட்டா, கிரியையில நம்பிக்கை வெச்ச மாதிரி ஆயிடும். நீங்களே சண்டே ஸ்கூல் டீச்சர். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. இரட்சிப்பு இலவசம், நாம் செய்கிற எதைக் கொண்டும் அதை வாங்க முடியாது, விசுவாசித்தால் போதும் என்று பிள்ளைகளுக்குப் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த வரி போன பிறகு தோசைக்கல் வரியையும் நானே அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அது இல்லாவிட்டால் சாட்சியில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

ஞாயிறன்று என் கணவர் அதைப் படித்தார். தோசைக்கல் வந்தபோது கூடம் அமைதியாகி, பிறகு அல்லேலூயா என்று அதிர்ந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது. தாளில் இல்லாததைச் சொன்னார்.

“பாப்பா, வாம்மா. கையைக் காட்டு. எந்தக் குழியிலேர்ந்து கர்த்தர் என்னைத் தூக்குனாருன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“போம்மா. எல்லாரும் பாக்குறாங்க,” என்று நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

அவர் பக்கத்தில் போய் நின்றாள். மூடியிருந்த விரல்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். முன்வரிசையில் ஒருவர் போனில் படம் எடுத்தார். அப்போதுதான் என் கணவர் கையிலிருந்த தாள் அவள் கண்ணில் பட்டது. அப்பாவை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இது உன் கையெழுத்தும்மா.”

மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அதைக் கூடம் முழுக்கக் கேட்க வைத்துவிட்டது.

“ஆமா, அம்மாவும் இந்தச் சாட்சியில பங்கு எடுத்திருக்காங்க,” என்றார் பாஸ்டர். கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் அவள் படியிறங்கிப் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவர் மட்டன் குழம்பு ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தார்.

“தேடிப் பாத்துட்டு வாங்களேன்.”

“கர்த்தர் கையில ஒப்படைச்சுட்டேன். நீயும் ஒப்படை.”

“வந்தா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க.”

“கேக்க வேண்டியவர்கிட்ட கேட்டாச்சு. எத்தன தடவ கேக்கறது? எழுதிக் குடுத்தவளே நீதான?”

கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சமாதானம். பதினேழு வருடம் நான் முழங்காலில் நின்று கேட்ட அதே சமாதானம்தான். கரண்டியால் அதன்மேல் அடிக்க வேண்டும் போலிருந்தது. குடித்த நாட்களிலாவது மறுநாள் காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசுவார்; ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி வந்து தள்ளி வைப்பார். இரட்சிக்கப்பட்ட பிறகு அந்தக் கூச்சமும் போய்விட்டது.

மூன்று மணிக்கு அவள் உள்ளங்கைப் படம் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். போட்ட சகோதரியை அழைத்து எடுத்துவிடச் சொன்னேன்.

“ஐயோ, எத்தன பேருக்கு ஆசீர்வாதமா இருக்கு சிஸ்டர்.”

ஐந்தரைக்கு மணி அடித்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண். மகளோடு வேலை செய்கிறவளாம், ஈரோட்டுக்காரி, ஈஜிபுராவில் ரூம் எடுத்திருக்கிறாளாம். நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் எழுந்து வந்தார்.

“வாம்மா, உள்ள வா. நீ இரட்சிக்கப்பட்டியா?”

“இல்லீங்க அங்கிள். அவ துணிமணியும் சர்டிபிகேட்டும் எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

மகளைப் பார்க்கக் கூடவே போகலாம் என்று நான் செருப்பை மாட்டினேன். அந்தப் பெண் வாசலிலேயே குறுக்கே நின்றாள்.

“அவ கீழ வண்டிகிட்டதான் நிக்கறா ஆன்ட்டி. உங்களை மட்டும் இறங்கி வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா.”