எண்பது ஜிபி டிஸ்க்கில் வைத்த குங்குமம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் முருகேசன், மருமகள் வசந்தா, மகள் கலா, அவள் வீட்டுக்காரர் சேகர். இத்தனை பேர்தான். தான் அங்கே இல்லை என்று இவர்களில் யாராவது சொன்னால், அன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்வேன்.

ஆயுத பூஜை. ஒக்கலிபுரம் வீடு முழுக்கச் சந்தன வாசனை, வாசலில் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாசனை...

முருகேசன் பீன்யா ஃபாக்டரியில் முந்தின நாளே பூஜை முடித்து பொரிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தான். அவன் ஸ்கூட்டர், என் அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். வசந்தாவின் கம்ப்யூட்டருக்கும், அதற்காகப் புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்குக்கும்.

அந்த டிஸ்க்தான் விஷயம்.

வசந்தா ஆறு வருஷம் கார்மெண்ட்ஸில் தைத்தவள். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து, மூச்சு வாங்கி, வேலையை விட்டாள். பிறகு டைப்பிங் கற்றுக்கொண்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அச்சகங்களுக்கு வீட்டிலேயே பக்கம் அமைத்துக் கொடுத்தாள். முதல் பெரிய வேலை அப்போதுதான் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், முழுக்க போட்டோ. பழைய டிஸ்க்கில் இடமில்லை. அதனால்தான் எண்பது ஜிபி. செவ்வாய்க்கிழமை காலை மலர் அச்சகத்தில் இருக்க வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போகும், இவள் திரும்பவும் கார்மெண்ட்ஸுக்குப் போவாள்.

பூஜை சனிக்கிழமை. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. டிஸ்க் விற்ற கடைக்காரர் இம்தியாஸ் தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னதை சேகர் வேண்டாம் என்றுவிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற மாப்பிள்ளை இருக்கும்போது கடைக்காரர் எதற்கு...

ஞாயிறு காலை சேகர் மாட்டினார். ஸ்கிரீன் கறுப்பு. நாலு வரி வெள்ளை எழுத்து வந்து, அப்படியே நின்றது. புது டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, மாட்டினால் நிற்கிறது. கேபிளை மாற்றினார். கரண்ட் வயரை மாற்றினார். டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். மூன்று டம்ளர் காபி குடித்தார். கடைசியில் அதைத் திருப்பியபோது என் பொட்டு கண்ணில் பட்டது.

"யாரு இதுக்குக் குங்குமம் வெச்சது?"

"நான்தான். ஏன்?"

"ஈரச் சந்தனம் உள்ள போயிருக்கும் அத்தை. ஷார்ட் ஆயிடுச்சு. டிஸ்க் செத்துப்போச்சு."

"மேல ஒட்டின பேப்பர்லதானே வெச்சேன். மிளகு அளவு."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, விடுங்க."

தெரியாதுதான். நான் மூன்றாவது வரை படித்தவள். ஆனால் பொட்டு எங்கே வைத்தேன் என்று சொல்லப் படிப்பு வேண்டாம்.

"ஸ்கூட்டருக்கு வெச்சே, சரி. இதுக்கு எதுக்கும்மா?" என்றான் முருகேசன். முந்தின நாள் தட்டை நீட்டி, "இதுக்கும் ஒண்ணு வை" என்றவன் அவன்தான்.

கலா பொரியில் கிடந்த கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

வசந்தா கத்தவில்லை. "அத்தை, இனிமே இந்த ரூமுக்குள்ள வராதீங்க" என்றாள். அவ்வளவுதான். திங்கள் காலை, கார்மெண்ட்ஸுக்கு எடுத்துப்போன பழைய டிபன் பாக்ஸைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினாள். இருமிக்கொண்டே கழுவினாள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. செத்ததென்று ஓரமாகப் போட்டிருந்த டிஸ்க்கை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு இம்தியாஸ் கடை இருக்கிற எஸ்.பி. ரோடுக்கு பஸ் ஏறினேன்.

இம்தியாஸ் தன் மிஷினில் மாட்டினார். உடனே காட்டியது. முழு எண்பதும்.

"டிஸ்க் நல்லாதான் கீது அம்மா. பேப்பர் மேல இருக்கிற குங்குமம் என்னா பண்ணும், பாவம்."

பின்பக்கம் திருப்பிக் காட்டினார். ஊசி ஊசியாகக் கம்பிகள், அதில் அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க் மாட்டினா, எது பெரியவன், எது சின்னவன்னு இதுதான் சொல்லும். நான் இதைச் சின்னவனா வெச்சுக் குடுத்தேன். யாரோ புடுங்கிப் பெரியவனா ஆக்கிட்டாங்க. ஒரு வூட்ல ரெண்டு பேரும் நான்தான் பெரியவன்னு குந்திக்கினா எப்டி?"

சொல்லிக்கொண்டே சின்ன இடுக்கியால் அதைப் பிடுங்கி, பழைய இடத்தில் வைத்தார்.

அந்த இடுக்கியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை காலை, நான் பூ எடுக்கப் போனபோது, கலாவின் புருவ முடி பிடுங்குகிற கிளிப் சேகர் கையில் இருந்தது. கலா பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். முள் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்று மாலை முருகேசன் மாட்டினான், ஓடியது. செவ்வாய் காலை மலர் அச்சகத்துக்குப் போனது. வசந்தா டிபன் பாக்ஸைப் பரணில் ஏற்றிவிட்டு, அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். போதும்.

சேகர் சொன்னது: "சில டிஸ்க் அப்படித்தான் அத்தை, கொஞ்சம் காஞ்சா வேலை செய்யும்."

கலாவைத் தனியாகக் கேட்டேன். "டார்ச் அடிச்சியே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவருக்கு அசிங்கமாயிடும்மா. நீ அம்மாதானே, உன்னைச் சொன்னா என்ன?"

இப்போது வசந்தாவிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். போட்டோ எல்லாம் எங்கேயோ இருக்கிறதாம், வீட்டில் டிஸ்க்கே கிடையாது. ஏதாவது நின்றுபோனால் "நெட் இல்லை அத்தை" என்கிறாள். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அப்போது பெட்டியைத் திறந்தால் யார் கை பட்டது என்றாவது தெரிந்தது... ஆயுத பூஜைக்கு அவளே லேப்டாப்பைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள். அந்த எண்பது ஜிபி டிஸ்க் என் டிராயரில் இருக்கிறது. பொட்டு மங்கலாக இன்னும் பேப்பர் மேல்தான்.

முருகேசனை அன்றைக்கே விட்டுவிட்டேன், அவன் சுபாவம் அது. சேகரையும் விட்டுவிட்டேன், வெளியிலிருந்து வந்தவர், அவருக்குத் தன் மானம் பெரிது.

டார்ச் பிடித்தவளை விடவில்லை. என் வயிற்றில் பிறந்த கலாவை.