எர்த் ஒயருக்கு வைத்த பொட்டு

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. கார் வைத்திருந்த குடும்பம் என்றால் பெரிய இடம் போலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. அப்பா அரசு பஸ் ஓட்டினார். சித்தப்பா எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று அப்பா தன் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய காரை வாங்கினார். மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சித்தப்பா அதில் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டுவார். கார் நன்றாகத்தான் ஓடும். கிளம்புவதற்குத்தான் அதற்கு மனம் வராது.

தினமும் காலையில் தெருவில் நாலு பேர் தள்ள வேண்டும். அம்மாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். நானும் பின்பக்கம் ஒரு கை வைப்பேன். என் கையால் அது ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது. ஆனாலும் எஞ்சின் உறுமியதும் நான்தான் கிளப்பினேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. வெளியே சொல்ல மாட்டேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறப்பது அன்றைக்கும் எனக்கு வராது, இன்றைக்கும் வராது.

ஒரு நாள் முட்டுக்காடு படகுத் துறையில் கார் படுத்துக்கொண்டது. அதில் வந்த வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இறங்கித் தள்ளினார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் பஸ் அந்த வழியாகப் போனது.

இரவு அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், எம் பஸ்ஸுல இருந்த அத்தினி பேரும் ஜன்னல்ல தொங்கிகினு சிரிக்கிறான். துட்டு குடுத்து ஏறுனவன எறக்கி வண்டி தள்ள வுட்டுக்கீறியே, உனுக்கு வெக்கமா இல்ல?"

"அவங்களே ஆசையாத் தள்ளுனாங்கண்ணா. போட்டோகூட எடுத்துக்கினாங்க."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து கார் புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்றார். "அவன் முன்னாடி தள்ளாம கெளம்புச்சின்னா வண்டி உன்னுது. இல்லாங்காட்டி அவனுது. அப்பால நீ எங்கியாவது மூட்டை தூக்கு."

சித்தப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அந்தக் கார் வந்த பிறகுதான் தெருவில் அவரை 'டிரைவரண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் முழுவதும் பானட்டுக்குள் தலையை விட்டபடி இருந்தார். சாயங்காலம் வெளியே வந்தவர் முகத்தில் வெளிச்சம். யாரும் கேட்காமலே என்னிடம் விளக்கினார்.

"கரண்டு போற வழி நல்லாத்தான் கீது பாப்பா. திரும்பி வர்ற வழி ரிப்பேரு. இந்த எர்த் ஒயர் கீது பாரு, இத்த உப்புக் காத்து துன்னுட்ச்சி. இது வழியாத்தான் கரண்டு பேட்டரிக்குத் திரும்பணும். வழி இல்லாங்காட்டி எஞ்சின கெளப்புற செல்ஃப் மோட்டாரு எப்படிச் சுத்தும்?"

புது ஒயரைத் தானே செய்துவிடுவதாகச் சொன்னார். வெல்டிங் பட்டறையில் கழித்துப் போட்ட தடித்த கேபிளைக் கேட்டு வாங்கி வந்தார். பழைய ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த செம்புக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, ஒயரின் முனைகளில் செருகி, சுத்தியலால் தட்டையாக அடித்து, ஓட்டை போட்டு, ஈயம் வைத்தார். நாலு ஒயர்கள். எஞ்சினுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு. கடையில் வாங்கியது போல இல்லை. ஆனால் செம்பு முனைகள் நாலைந்து பித்தளைச் சாமான்களுக்கு நடுவில் வைத்தாலும் தனியாகத் தெரியும்படி மின்னின.

சனிக்கிழமை மாலை ஒவ்வொரு ஒயரின் ஒரு முனையைக் காரில் பொருத்தினார், மறுமுனை பேட்டரிக்கு. பேட்டரி சார்ஜ் ஏற்றப் போயிருந்தது, ஞாயிறு காலையில்தான் வரும். நட்டுகளைக் கையால் மட்டும் சுற்றி வைத்துவிட்டு, ஸ்பானர் இரவல் வாங்க மெக்கானிக் கடைக்குக் கிளம்பினார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்க மாட்டோம். அம்மியோ, ஃபேனோ, மிக்ஸியோ, எல்லாவற்றுக்கும் உண்டு. அம்மா என்னிடம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்து, "உங்க சித்தப்பா வர்றதுக்குள்ள அந்த ஒயருக்குப் பொட்டு வெச்சிட்டு வந்துடு" என்றார்.

சொன்னதைச் செய்தால் போதாது, நன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் சுபாவம். செம்பில் குங்குமம் ஒட்டாமல் உதிர்ந்தது. எனவே நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தேன். மேலே மட்டும் வைத்தால் பார்வைக்குத்தான் ஆகும், அடியிலும் வைத்தால்தான் சாமி உள்ளே இருக்கும் என்று தோன்றியது. நட்டுகளைக் கையாலேயே கழற்றி, ஒவ்வொரு செம்பு முனையையும் தூக்கி, அடியில் சந்தனத்தையும் குங்குமத்தையும் தடிமனாக அப்பி, பழையபடி வைத்துச் சுற்றிவிட்டேன். வண்டி விற்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் செய்தேன்.

சித்தப்பா ஸ்பானரோடு வந்தார். மேலே இருந்த பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், நாலு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

ஞாயிறு காலையில் பேட்டரி வந்தது. புரோக்கரும் வந்தார். வாயில் வெற்றிலை, அக்குளில் தோல் பை. வழக்கமாகத் தள்ளுகிறவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். சித்தப்பா சாவியைத் திருப்பினார்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினார். டிக்.

"இன்னா அண்ணாத்த, வண்டி விக்குறீங்களா, கடியாரம் விக்குறீங்களா?" என்றார் புரோக்கர். தெருவே சிரித்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சித்தப்பா இறங்கி பானட்டைத் தூக்கினார். எஞ்சினில் மாட்டிய ஒயரின் முனையைத் தொட்டவர் சுட்டதுபோல விரலை உதறினார். நட்டைக் கழற்றினார். முனையைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். என் விரல்களில் குங்குமச் சிவப்பு இன்னும் போகவில்லை.

"இன்னாடா ஆச்சி?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லண்ணா. நட்டு லூசு. நாந்தான் சரியா முறுக்கல."

"ஒரு நட்டு முறுக்கத் தெரியாதவன நம்பி வண்டி வாங்குனேன் பாரு, என்னச் சொல்லணும்."

புரோக்கர் பணம் எடுக்கப் பையைத் திறந்துவிட்டார். சித்தப்பா எல்லாருக்கும் முதுகைக் காட்டி, நாலு முனைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். நான் வைத்த பொட்டெல்லாம் போயிற்று. எனக்கு வருத்தமாக இருந்தது. பொட்டைத் தேய்ப்பானேன், நட்டை முறுக்கினால் போதாதா என்று நினைத்தேன்.

திரும்ப மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணைத்தார், திருப்பினார், மறுபடி பிடித்தது. மூன்றாம் தரம் தெருவில் ஒருவர் விசில் அடித்தார். அம்மா புரோக்கரிடம், "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்றார். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

கார் சித்தப்பாவிடமே இருந்தது. ஆனால் அன்றைய பேச்சு அவரை விடவில்லை. தினமும் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அப்பா, "இன்னாடா, நட்டு முறுக்குனியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். டாக்ஸி ஸ்டாண்டுவரைக்கும் அது போய், 'டிரைவரண்ணே' என்ற பெயர் 'நட்டு அண்ணாத்த' என்று மாறிவிட்டது. சித்தப்பா சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். போன மாதம் மகனின் காரில் எர்த் ஒயர் மாற்ற வந்த மெக்கானிக், பாடியில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வெறும் இரும்புமேல ஒயர் நேரா ஒக்காரணும்மா. நடுவுல பெயின்ட்டோ எண்ணெயோ இருந்தா கரண்டு பாயாது. நட்ட எவ்ளோ முறுக்குனாலும் வேஸ்ட்டு" என்றார். நான் உள்ளே போய்ச் சித்தப்பாவின் எண்ணைப் போனில் தேடினேன்.

சித்தப்பா செங்கல்பட்டில் பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார். போனில் பேசும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்க நினைக்கிறேன். பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

அந்த வயதில் சித்தப்பாவிடம் மட்டும் எனக்கு வாய் நீளும். பள்ளிக்கூடம் கிளம்பும்போது, அப்பாவைப் போலவே இடுப்பில் கை வைத்து, "சித்தப்பா, நட்டு முறுக்குனியா?" என்று நானும் கேட்பேன்.

"அய்யய்யோ, மறந்துட்டேன் பாப்பா. நீயே வந்து முறுக்கு" என்று ஸ்பானரை என் கையில் கொடுப்பார்.

நான் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, நாலு நட்டையும் வரிசையாக முறுக்குவேன். பாவம், சித்தப்பாவுக்கு இது ஒன்று வராது, நாம்தான் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.