கரைக்கு முதுகு காட்டிய படகு

ராயப்பனுக்குக் கடல் கனவு மாதிரி வந்து சேர்ந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் காட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிப் பிழைத்த குடும்பம் அவனுடையது. அவன் அப்பா தேவசகாயம் சாகும்வரை அலையைக் கண்டதில்லை. ராயப்பன் மட்டும் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, என்ஜினுக்கு நாடி பிடிக்கக் கற்று, மரக்காணம் சாலையில் டிரைவரானான். மரக்காணத்தில் வண்டியை நிறுத்தினால் உப்பளங்களுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கையிலிருக்கும் பீடி தானாக அணைந்துபோகும்.

அந்த உப்பளத்தில் கூடை சுமந்தவள்தான் ஜெயம். கடல் பாதியும் அவள் பாதியுமாக அவன் மனசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கோட்டக்குப்பத்துத் துணி வியாபாரி அப்துல் கரீம், ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுத் துரையிடமிருந்து மோட்டார் படகு ஒன்றை வாங்கினார். சின்னப் படகு. நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, உள்ளே படுக்க மெத்தைப் பலகை. கூண்டு வண்டியைக் கடலில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஊர் அதற்கு ரூம் போட்டு, அதாவது அறைப் படகு, என்று பெயர் வைத்துச் சிரித்தது. அதை ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் ராயப்பன் பஸ்ஸை மறந்தான். ஜெயத்தைக் கைப்பிடித்துக் கோட்டக்குப்பத்துக் கரையோரம் குடியேறினான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கொந்தளிக்கும் நாளில் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண்கள் மணல்மேட்டில் ஏறி நிற்பார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து உடைந்தபின் கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். மேட்டிலிருப்பவளுக்குத்தான் அது தெரியும். உடனே அவள் துணியை வீசுவாள். கடலில் இருப்பவன் யோசிக்காமல் கரைக்குத் துடுப்புப் போடுவான். ஜெயமும் தன் கல்யாணத்துச் சிவப்புச் சேலையை அதற்கென்று எடுத்து வைத்தாள்.

"நான் சேலைய வீசினா நீ வந்துடணும்யா. வேற எதுவும் உன்னக் கேக்க மாட்டேன்" என்றாள். அவள் கழுத்துச் சிலுவையைத் தொட்டு அவன் சத்தியம் செய்தான்.

ஆனால் ஒன்றை அவளிடம் மறைத்துவிட்டான். ஒருநாள் தனியாகக் கரைக்கு வந்தபோது, பின்னாலிருந்து வந்த அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. மூக்கு தண்ணீரில் குத்தியது. சுக்கான் வெறும் காற்றில் ஆடியது. படகு தன்னிஷ்டத்துக்குத் திரும்பிப் பக்கவாட்டில் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியில் கடல் வந்து முகம் பார்த்துவிட்டுப் போனது. கட்டுமரம் வெறும் கட்டை. அலை அதைப் புரட்டிக் கரையில் போட்டாலும் பிழைக்கும். வயிற்றில் காற்றும் தலையில் அறையும் சுமக்கிற இது, உடைகிற அலையில் முதுகைக் கொடுத்தால் கவிழ்ந்துவிடும் என்று அன்று புரிந்தது. சொன்னால் ஜெயம் பயப்படுவாள் என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை சாலைகளை அறுத்துப் போட்டது. மழைக்காலமாதலால் ரூம் போட்டு மரக்காணத்துக் கழிமுகத்தில் கட்டிக் கிடந்தது; காவலுக்கு ராயப்பனும் அங்கேயே தங்கியிருந்தான். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அப்துல் கரீமின் மகள் சபியா பீவிக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி கெங்கம்மாள் சொல்லிவிட்டாள். கடல் ஒன்றுதான் வழி. சபியாவை அறையில் படுக்க வைத்து, கெங்கம்மாளையும் சபியாவின் புருஷன் முகம்மது கவுஸையும் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் புறப்பட்டான் ராயப்பன்.

முதலில் கடல் தூக்கத்தில் புரள்வது போலத்தான் புரண்டது. கோட்டக்குப்பத்தை நெருங்கும்போது வாடைக்காற்று வலுத்து, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாயின. தூரத்தில் புதுச்சேரியில் கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்தின்மேல் அலைகள் ஏறி விழுவது தெரிந்தது. அங்கே படகை ஒட்டி நிறுத்த முடியாது.

அப்போதுதான் மணல்மேட்டில் அந்தச் சிவப்பு தெரிந்தது. சாம்பல் உலகத்தில் ஒரே ஒரு பூ மலர்ந்த மாதிரி, ஜெயம் சேலையை வீசிக்கொண்டிருந்தாள்.

கவுஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "டிரைவரே, உங்க சம்சாரமே கூப்பிடுது. அதோ எங்க மாமனார் ஊடு தெரியுது. ஜல்தி விடுங்க."

உள்ளே சபியா முனகினாள். வா வா என்று சிவப்பு அழைத்தது. சத்தியம் அவன் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. கரைக்குப் போனால் உடைகிற அலை படகிலிருக்கும் அத்தனை உயிரையும் கொண்டுபோகும். போகாவிட்டால் அவள் மனசு உடையும். கண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒன்றாக வழிய, அவள் காட்டிய அதே இடைவெளியில், கடல் மூச்சு வாங்கி, பக்கவாட்டில் அடிக்க அலை இல்லாத அந்தக் கணத்தில், சக்கரத்தை முழுசாக ஒடித்துப் படகைத் திருப்பினான். ரூம் போட்டு கரைக்கு முதுகைக் காட்டியது.

சிவப்பு ஒருமுறை உயர்ந்து அப்படியே தாழ்ந்து விழுந்ததை அவன் திரும்பிப் பார்த்தான். அதன்பின் பார்க்கவில்லை.

ஆழத்துக்குப் போனபின் அலைகள் உடையவில்லை; மலைகள் நடந்து வருவது போல வந்தன. நேருக்கு நேர் மோதாமல், மூக்கைச் சற்றே சாய்த்து ஒவ்வொன்றிலும் ஏறினான். ஏறும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் தீனி, உச்சியில் குறைப்பு, இறங்கும்போது மெதுவாக. எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே கடலோடு தாலாட்டில் ஆடினான். கவுஸ் வாளியால் தண்ணீரை இறைத்தபடி கலிமா சொன்னான். ராயப்பனின் உதட்டில் மாதாவின் பெயர்.

அறைக் கதவைத் திறந்து கெங்கம்மாள் தலையை நீட்டினாள். "இந்த ஆட்டத்துல புள்ள தானா திரும்பிக்கினு வருதுய்யா. இப்படியே ஆட்டு, நிறுத்தாத."

அவன் நிறுத்தவில்லை. காற்று தணியத் தொடங்கிய மாலையில், அலைகளின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய அழுகை ஒன்று கேட்டது. கடலே குழந்தையாகி அழுதது போல இருந்தது ராயப்பனுக்கு. கவுஸ் வாளியைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான்.

கடல் அடங்கியதும் கரையிலிருந்து, கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு ஒன்று வந்து தாயையும் பெண் குழந்தையையும் பத்திரமாக இறக்கியது. கடைசியாக இறங்கிய ராயப்பன் நேரே மணல்மேட்டுக்குப் போனான். நனைந்த சேலையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ஜெயம் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கூப்பிட்டனே. முதுக காட்டிக்கினு போயிட்டியே."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். மறைத்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னான். சுக்கான் காற்றில் ஆடியதை, ஜன்னலில் கடல் எட்டிப் பார்த்ததை. கடைசியில், "நீ வீசலன்னா எந்த நேரத்துல திருப்புறதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது, ஜெயம். உன் சேலைதான் திருப்பிச்சு" என்றான்.

 ஜெயம் ஈரச் சேலையின் நுனியால் அவன் முகத்து உப்பைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கடல் கொந்தளித்த நாட்களிலும் பெண்கள் மேட்டில் நின்று துணி வீசினார்கள், வா வா என்று. அவர்களுக்கு நடுவே ஜெயம் மட்டும் சிவப்புச் சேலையைக் கடல் பக்கமாக, திரும்பிப் போ என்று, தள்ளித் தள்ளி வீசுவாள். கட்டினவனைக் கடலுக்குத் துரத்துகிற பொம்பளையைப் பார் என்று பக்கத்தில் நின்றவர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் விழாது. தூரத்தில் ஒரு சின்ன அறை, மெல்லத் திரும்பி அலைக்கு முகம் காட்டுவதை அவள் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.