லொறிப் பொனட்டுக்குள் நான் பூட்டிய விளக்கு

இரண்டாம் உலக யுத்தக் காலம். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. துறைமுகத்தை ஒட்டி, இராணுவ லொறிகளைத் திருத்தும் கொட்டகை ஒன்றில் நான் மின்வயர் வேலை செய்துகொண்டிருந்தேன். வயது இருபத்துநான்கு. கைக்குக் கொஞ்சம் வேலை தெரியும், தலைக்கனமோ அதைவிட நாலு மடங்கு.

எதிரி விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று ஊரெங்கும் இருட்டடிப்பு. அதற்காகக் கொட்டகையின் யன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் தார் பூசியிருந்தார்கள். நடுப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. ஒருவர் கைவிளக்கைப் பிடிக்க, மற்றவர் இஞ்சின் மூடியான பொனட்டுக்குள் தலையை விட்டு வேலை பார்க்க வேண்டும். பிடிப்பவர் கொட்டாவி விட்டால் வெளிச்சம் கூரைக்குப் போய்விடும். இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கழற்றிப் போட்டிருந்த முன்விளக்கு பல்ப் ஒன்றைப் பொனட்டின் உட்பக்கத்திலேயே பூட்டினேன். பற்றரியிலிருந்து நேராக வயர் இழுத்து, பக்கத்தில் ஒரு சுவிட்சும் வைத்தேன். தட்டினால் இஞ்சின் முழுக்க வெளிச்சம்! கொட்டகையே திரண்டு வந்து பார்த்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

மேலதிகாரியான வெள்ளைக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். யாராவது அணைக்க மறந்து, லொறி இருட்டில் தெருவுக்குப் போனால் என்ன செய்வது? பொனட்டின் பக்கங்களில் மீன் செவுள் மாதிரிக் காற்றுப் போகும் வெட்டுகள் உண்டு. அவற்றின் வழியே வெளிச்சம் கசியும். நான் அதற்கும் வழி வைத்திருந்தேன். தார் தோய்த்த சாக்கை உட்பக்கமாகக் கட்டி அந்த வெட்டுகளை அடைத்துவிட்டேன்.

அந்த லொறியை ஓட்டியவர் பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். சாக்கைப் பார்த்துவிட்டு, "இஞ்சினுக்கு மூச்சு முட்டப் போகுது தம்பி" என்றார். ஓட்டுகிறவருக்கு வயர் வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு காலை வேளை. அந்த லொறியின் பிளக்குகளைத் துடைத்துப் பூட்டிவிட்டுப் பொனட்டை மூடினேன். நானா லொறியை வெளியே கொண்டுபோய் மரநிழலில் நிறுத்தினார். ஏழெட்டுத் தொழிலாளர்கள் பின்பக்கத்தில் பெற்றோல் அடைத்த தகரங்களை ஏற்றத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துத் தகரங்கள் சும்மா வைத்தாலே கசியும். முற்றமெல்லாம் பெற்றோல் மணம். நானா சாரதி இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தண்ணீர் குடிக்க வெளியே வந்த நான் லொறியைப் பார்த்தேன். பொனட்டின் விளிம்பால் மெல்லிய புகை கசிந்துகொண்டிருந்தது.

பார்த்த கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவிட்சை நான் அணைக்கவில்லை. சூடேறிய பல்ப் தார்ச் சாக்கைப் பற்றவைத்துவிட்டது. சாக்கு அடைத்திருந்ததால் உள்ளே விளக்கு எரிவது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மற்றவர்கள் மறப்பார்கள் என்றுதான் அத்தனை கவனமாக அடைத்தேன். மறக்கப்போகிறவன் நானே என்று கனவிலும் நினைத்ததில்லை.

அடுத்து நான் செய்ததை எழுத இந்த வயதிலும் கை கூசுகிறது. நான் ஓடினேன். "நெருப்பு" என்று ஒரு சொல் சொல்லவில்லை. நெருப்பணைக்கவென்று கொட்டகை வாசலில் வரிசையாகத் தொங்கிய மண் வாளிகளைத் தாண்டி, பின்புறப் பதுங்குகுழியை நோக்கி ஓடினேன்.

குண்டு போட்ட நாளிலிருந்து ஊரில் ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒருவன் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள். ஏன் என்று கேட்கிறவன் பிழைக்கமாட்டான் என்பது எங்கள் எண்ணம். நான் ஓடுவதைக் கண்ட தொழிலாளர்கள் தகரங்களைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்து குழிக்குள் குதித்தார்கள்.

ஒருவர் மூச்சு வாங்க என் தோளைத் தட்டினார். "நல்ல காது தம்பி உனக்கு. அபாயச் சங்கு ஊதமுதலே பிளேன் சத்தம் கேட்டிட்டுது என்ன?"

"ஓம்" என்றேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு நிமிடம்கூட நிற்கவில்லை. வானத்தில் ஒன்றுமில்லையே என்று குழியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் லொறியைக் கண்டு அலறினார்கள். நானும் பார்த்தேன். திறந்த பொனட்டுக்குள்ளிருந்து கரும்புகை. அதற்கு முன்னால் நானாவின் முதுகு மட்டும் தெரிந்தது. எரியும் சாக்கை அவர் வெறுங்கையால் பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் லொறி நிறையப் பெற்றோல். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மற்றவர்கள் மண் வாளிகளை எடுக்க ஓடியபோதும் என்னால் எழும்ப முடியவில்லை.

வெடிக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அடங்கியிருந்தது. பற்றரி வயரை அவர் பிடுங்கி எறிந்திருந்தார். தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி நின்றார். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நானா, சுவிட்சை நான்தான் நிப்பாட்டேல்ல. புகையைக் கண்டுதான் ஓடினனான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "கண்ணத் திறந்தா எல்லாரும் ஓடுறாங்க, சங்கும் ஊதல்ல, பிளேனும் இல்ல. என்னெண்டு இறங்கிப் பார்த்தன். மண் வாளியத் தாண்டி நீங்க ஓடுறதயும் கண்டன்."

அடித்திருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்கமாட்டேன். அவரோ கோபப்படவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஓடினது பிழையில்ல தம்பி. நானும் பிள்ளகுட்டிக்காரன், உசிரு எல்லாருக்கும் ஒண்டுதான். ஆனா இனி ஓடுறெண்டா, கத்திக்கிட்டு ஓடுங்க."

மேலதிகாரியிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். வேலை போனது. நானாவின் விரல்கள் ஆறின, ஆனால் பழையபடி மடங்கவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு என் வாழ்நாளில் எத்தனையோ ஆபத்துகள் வந்து போயின. எதிலும் நின்று போராடுவேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, என் கால்களை எனக்குத் தெரியும். ஆனால் கத்தாமல் மட்டும் ஒருநாளும் ஓடமாட்டேன்.