தொரைக்குப் போன மகஜர்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுதப் படிக்கத் தெரியும், வாயும் கொஞ்சம் நீளம். அதனால் பசறை ரோட்டு வளைவைப் பற்றி மகஜர் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானேதான் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த வளைவில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. மலையோரமாக மழைத்தண்ணீர் போகும் திறந்த கான் ஒன்று ஓடும். நடக்கிறவர்கள் தார் ரோட்டிலேயேதான் நடக்க வேண்டும். பஸ் வந்தால் கானுக்குள் குதிக்க வேண்டும். இளசுகள் குதித்துவிடும். என் வீட்டுக்காரர் எப்படிக் குதிப்பார்? தேயிலை பெக்டரியில் ரோலர் மெசினுக்குப் பக்கத்தில் காலமெல்லாம் நின்றதில் அவருக்குக் காது அடைத்துப்போயிருந்தது. வேலையை விட்ட பிறகு ஒரு மாடு வைத்திருந்தோம். தினமும் காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு அந்த வளைவைத் தாண்டித்தான் பால் எடுக்கும் இடத்துக்குப் போவார். பனி இறங்கினால் கண்ணும் தெரியாது. அவர் திரும்பி வரும் வரைக்கும் வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஊருக்காகப் போராடினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய். அவருக்காகத்தான் கேட்டேன்.

கேட்டதும் பெரிய காரியமில்லை. கானுக்கு மேல் கொங்கிரீட் சிலாப் போட்டு மூடினால் அதன் மேலேயே நடந்து போகலாம். வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்; தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். யாரிடம் கொடுப்பது என்ற பேச்சே எழவில்லை. கூரை ஒழுகினாலும் தோட்டத்தை நடத்துகிற தொரை, பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும் தொரை, வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் முதலில் தோட்டத்து ஆபிஸில் போய்ச் சொல்கிற சனம் நாங்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறந்தார்.

"ரோட்டு கவர்மெண்டோடது, தொரையோடது இல்லையே. பதுளை டவுனுக்குக் கொண்டு போவோமா?"

நான் சீறினேன். பதுளையில் எந்த வாசலில் போய் நிற்பது, அங்கே நம் முகம் யாருக்குத் தெரியும், ஒருநாள் வேலைக்குப் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடுமே, யார் வருவார்கள் என்று அடுக்கினேன்.

"சும்மா கெடங்க. தொரைக்குத் தெரியாம இந்த மலையில எது நடக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

தொரை நல்ல மனிதர்தான். வாங்கிப் படித்தார், பார்க்கிறேன் என்றார். நாங்கள் காத்திருந்தோம். அதில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. போய்க் கேட்கும்போதெல்லாம், கொழும்பில் உள்ள கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறது என்று ஆபிஸ் கிளாக்கர் சொல்வார். ஐந்தாவது மாதம், பனி மூடிய ஒரு காலையில், அந்த வளைவில் மினி பஸ் ஒன்று என் வீட்டுக்காரரை அடித்தது. ஹோர்ன் அடித்தேன் என்று டிரைவர் அழுதானாம். அடித்திருப்பான். அவருக்குக் கேட்டிருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்த மறுவாரம் கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். கொழும்பிலிருந்து பதில் வந்திருக்கிறதாம்: ரோட்டும் கானும் தோட்டத்துக்குச் சொந்தமில்லை. அன்று நான் யாரையும் திட்டவில்லை. யாரைத் திட்டுவது?

அடுத்த நாள் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். இன்றைய பேர் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினார்கள். பதுளையில் ரோட்டு ஆபிஸ் வாசலில் நாற்பது பேர் நின்றோம். அங்கிருந்த சிங்கள ஐயா ஒருவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், ஆளை அனுப்பி வளைவை அளக்க வைத்தார். மூன்று வாரத்தில் சிலாப் போட்டு முடித்துவிட்டார்கள். மூன்றே வாரம்.

வேலை முடிந்த அன்று பார்க்க வந்த அந்த ஐயா, தெரிந்த தமிழில் என்னிடம் கேட்டார்.

"இது சின்ன வேலைதானே அம்மா. ஏன் முந்தி வரல்ல?"

வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். கொண்டுவந்த தேத்தண்ணியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது பிள்ளைகள் அதன் மேல் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். எல்லாம் உங்களால்தான் அக்கா என்கிறார்கள் பெண்கள். ஆமாம், எல்லாமே என்னால்தான். மாட்டை விற்றுவிட்டேன். வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்தால் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. கோபம் கோபமாக வருகிறது, சுவரிடம் காட்டவா முடியும்? நான் அப்பவே சொன்னேன்ல என்று என்னைக் குத்திக்காட்ட இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து அதைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?